ஹோண்டோ நம்மாளுதானே?

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். விடியற்காலையில் ஏரிக்கரையில் 1500 மீட்டர் ஓடுவார்கள். புளியமரத்தில் கட்டிய கயிற்றில் ஏறி இறங்குவார்கள். மாலையில் பொது அறிவுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார்கள். ஒன்பது மணிக்கு மேல் புத்தகத்தை மூடிவிட்டு செல்பேசியைத் திறப்பார்கள். கொஞ்ச நாளாக ஒரே செல்பேசியில் நாலைந்து தலைகள் கூடிப் பார்ப்பது 'ஸ்வாட்' என்ற அமெரிக்கத் தொடர். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் அதிரடிப் பிரிவு பற்றிய கதை. கவச வண்டி, கதவை உடைக்கும் இரும்புத் தடி, வெடிகுண்டு, பணயக்கைதி. நடுவில் ஹோண்டோ என்ற கறுப்பினத் தலைவர். நடிப்பவர் ஷெமார் மூர்.

ஒரு நாள் அவர்களில் ஒருவன் கேட்டான்: "ஹோண்டோ நம்மாளுதானே அக்கா?"

எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் அவனுக்கு அக்காதான். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "கறுப்பரு. அவரும் நம்ம தெரு மாதிரி ஒரு தெருவுலதான் பொறந்தாரு. அந்த ஜனங்கள அடிச்ச அதே போலீஸ்ல இப்ப அவருதான் டீம் லீடர். அப்படி நம்மாளு ஒருத்தர் உள்ள போய் உட்கார்ந்தா மாறிடும்ல?"

அவனுடைய அப்பாவைச் சில ஆண்டுகளுக்கு முன் ஊர்த் திருவிழாத் தகராறு ஒன்றில் விசாரணை என்று ஒரு காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள்தான் விட்டார்கள். இன்றைக்கும் அவரால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி அனுப்ப முடியவில்லை. "ரெண்டு வாரம் டைம் குடு" என்றோம்.

அந்த இரண்டு வாரத்தில் தொடரையும் பார்த்தோம், தொடருக்குப் பின்னால் இருப்பதையும் தேடிப் படித்தோம். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: தொடர் எங்களுக்கும் பிடித்துவிட்டது. சமூகவியல் படித்தவர்களுக்கும் துரத்தல் காட்சி என்றால் துரத்தல் காட்சிதான்.

கதை தொலைக்காட்சியில் தொடங்கவில்லை. 1965 ஆகஸ்ட் 11, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தெற்கில் வாட்ஸ் என்ற பகுதிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பின இளைஞரின் காரை நெடுஞ்சாலைக் காவலர்கள் நிறுத்தினார்கள். குடித்துவிட்டு ஓட்டினார் என்பது புகார். அவருடைய அம்மா வந்தார், கூட்டம் கூடியது, அடி விழுந்தது. ஆறு நாள் அந்தப் பகுதி எரிந்தது. 34 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். காவல்துறை அதைக் கலவரம் என்றது. மக்களில் பலர் இன்றும் அதை எழுச்சி என்றுதான் சொல்கிறார்கள். அன்றைய காவல்துறைத் தலைவர் வில்லியம் பார்க்கர், தெருவில் இறங்கிய மக்களை மிருகக்காட்சிசாலைக் குரங்குகளோடு ஒப்பிட்டுப் பேசினார்.

அந்த நாட்களில் களத்தில் நின்ற அதிகாரிகளில் ஒருவர் டாரில் கேட்ஸ். அவர் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. மக்களுக்கு ஏன் கோபம் என்பது அவருடைய கேள்வியாக இல்லை. இப்படி ஒரு கூட்டத்தை, மறைந்திருந்து சுடுபவர்களை, அடக்கத் தன் படைக்குப் பயிற்சி போதவில்லை என்பதுதான் அவருடைய கவலை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். கெரில்லாப் போர் பற்றிப் படித்தார், மரைன் படையினரிடம் பேசினார். ஜான் நெல்சன் என்ற காவலர் முன்வைத்த யோசனையை எடுத்து, நால்வர் கொண்ட 15 குழுக்களாக ஒரு சிறப்புப் படையை அமைத்தார்கள். 1967 என்று காவல்துறையின் வரலாறு குறிக்கிறது. கேட்ஸ் பிறகு தன் வரலாற்று நூலில் எழுதிய ஒரு விஷயம் எங்களுக்கு மறக்கவில்லை. அவர் முதலில் வைக்க நினைத்த பெயர் 'சிறப்பு ஆயுதத் தாக்குதல் குழு'. மேலதிகாரி 'தாக்குதல்' என்ற சொல்லை ஏற்கவில்லை. அதனால் 'சிறப்பு ஆயுதங்கள் மற்றும் உத்திகள்' என்று மாற்றினார்கள். சுருக்கெழுத்து மட்டும் அப்படியே நின்றது: ஸ்வாட். பெயரில் இருந்த தாக்குதல்தான் போனது.

இந்தப் படை முதன்முதலாகப் பெரிய அளவில் யார்மேல் ஏவப்பட்டது என்று பையன்களிடம் கேட்டோம். "கொள்ளைக்காரங்க?" "தீவிரவாதிங்க?" என்றார்கள்.

1969 டிசம்பர் 8. சென்ட்ரல் அவென்யூவும் 41ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த கருஞ்சிறுத்தைகள் கட்சியின் அலுவலகம். விடியும் முன் காவல்துறை சூழ்ந்தது. ஆயுதம் இருக்கிறதென்று பிடியாணை. நாலு மணி நேரத்துக்கு மேல் துப்பாக்கிச் சூடு, ஆயிரக்கணக்கான குண்டுகள். வெளியே சில நூறு போலீசார், உள்ளே ஆணும் பெண்ணுமாக ஒரு டஜன் இளைஞர்கள். இன்றைக்கு எங்கள் மையத்துக்கு வருகிற வயதுதான் பலருக்கும். கேட்ஸ் ராணுவத் தலைமையகத்திடம் கையெறிகுண்டு ஏவும் கருவி வேண்டுமென்று கேட்டார். அனுமதியும் வந்தது. ஒரு நகரத்துக் காவல்துறை, தன் சொந்த நகரத்துத் தெருவில், தன் குடிமக்கள்மேல் ஏவ! அதைப் பயன்படுத்துவதற்குள் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். இரண்டு பக்கமும் காயம், யாரும் சாகவில்லை. இதற்கு நாலு நாள் முன்னால்தான் சிகாகோவில் பிரெட் ஹாம்ப்டன் என்ற 21 வயது கருஞ்சிறுத்தைத் தலைவரை, அதிகாலையில் படுக்கையிலேயே போலீசார் சுட்டுக் கொன்றிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பிடிபட்டவர்கள்மேல் போலீசாரைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 1971இல் நடுவர் குழு அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

இந்த இடத்தில் பையன்களின் முகம் மாறியது. 'சிறுத்தை' என்ற சொல் அவர்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது, பைக்கிலும் இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி.பவார், ராஜா தாலே போன்ற இளைஞர்கள் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியபோது, அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மலைச்சாமி வழியாக 1980களில் மதுரைக்கு வந்தது. பிறகு நடந்தது இந்தப் பையன்களுக்குத் தெரிந்த வரலாறு. ஆக, நம் பெயரின் மூலமாக இருந்தவர்களின் கதவை உடைத்துத்தான் ஸ்வாட் தன் பெயரைச் சம்பாதித்தது. ஹோண்டோ 'நம்மாளு' என்றால், அவர் கையில் இருக்கும் தடி யாருடையது?

சரி, இந்தப் படை எப்படித் தொலைக்காட்சிக்கு வந்தது?

போலீசும் தொலைக்காட்சியும் லாஸ் ஏஞ்சலஸில் பழைய கூட்டாளிகள். 1949இல் வானொலியிலும் 1951இல் தொலைக்காட்சியிலும் வந்த 'டிராக்நெட்' தொடருக்கு அந்தக் காவல்துறைதான் வழக்குகள் கொடுத்தது, கதைகளைப் படித்துப் பார்த்துச் சரிசெய்தது. வாட்ஸ் மக்களைக் குரங்கு என்ற அதே பார்க்கரின் காலம்தான். அந்த ஊரில் போலீஸ் என்றால் நேர்மையான, அளந்து பேசுகிற மனிதர் என்று அமெரிக்கா முழுதும் நம்ப வைத்ததில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்வாட்டை அமெரிக்கா நேரடியாகப் பார்த்தது 1974 மே 17 அன்று. சிம்பியோனீஸ் விடுதலைப் படை என்ற சிறிய ஆயுதக் குழு ஒன்று, கறுப்பின மக்கள் வாழும் கிழக்கு 54ஆம் தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. பத்திரிகை முதலாளி குடும்பத்துப் பெண் பாட்டி ஹெர்ஸ்டைக் கடத்திய குழு. போலீஸ் வளைத்தது. சுட்டது, சுட்டார்கள். வீடு தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் செத்தார்கள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த கையடக்கக் கேமராவால் எல்லாம் நேரலையாக வீடு வீடாகப் போனது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் சுவரைத் துளைத்த குண்டுகளோடு மிஞ்சினார்கள். அவர்களைப் பற்றி யாரும் தொடர் எடுக்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, 1975 பிப்ரவரியில், ஏபிசி தொலைக்காட்சியில் 'ஸ்வாட்' தொடர் வந்தது. ஆரன் ஸ்பெல்லிங்கும் லியோனார்ட் கோல்ட்பெர்க்கும் தயாரித்த 'தி ரூக்கீஸ்' என்ற போலீஸ் தொடரிலிருந்து கிளைத்தது. ஹோண்டோவாக நடித்தவர் ஸ்டீவ் பாரஸ்ட், வெள்ளையர். அவருக்கு அடுத்த நிலையில் டீக்கன் என்ற பாத்திரம், நடித்தவர் ராட் பெர்ரி, கறுப்பினத்தவர். உண்மையான படை எந்த மக்களுக்கு எதிராக உருவானதோ, அந்த மக்களிலிருந்து ஒருவரைத் துணைத் தலைவராகத் திரையில் முதல் நாளிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். ஊர் மட்டும் லாஸ் ஏஞ்சலஸ் இல்லை, கலிபோர்னியாவில் பெயர் சொல்லாத ஏதோ ஒரு நகரம். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாட்ஸும் இல்லை, கருஞ்சிறுத்தையும் இல்லை. வரலாறு கழுவப்பட்டு, வேனை நோக்கி ஓடும் ஐந்து வீரர்களும் ஒரு துள்ளல் இசையும்தான் மிச்சம். அந்த இசை 1976 பிப்ரவரியில் அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிள்ளைகள் ஸ்வாட் படம் போட்ட டிபன் பெட்டியோடு பள்ளிக்குப் போனார்கள். வன்முறை அதிகம் என்ற விமர்சனத்துக்கு நடுவில் 37 எபிசோடுகளோடு தொடர் 1976இல் முடிந்தது. பெயர் முடியவில்லை.

தொடர் நின்ற பிறகு நிஜப் படை என்ன செய்துகொண்டிருந்தது? 1985இல், அப்போது காவல்துறைத் தலைவராகிவிட்ட கேட்ஸ், இடிதடி பொருத்திய கவச வண்டி ஒன்றில் தானே ஏறிப் போனார். பகோய்மா என்ற இடத்தில் போதைப்பொருள் விற்கும் வீடு என்று ஒரு வீட்டின் சுவரை இடித்தார்கள். உள்ளே பெண்களும் குழந்தைகளும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிடைத்த போதைப்பொருள் விரல் நுனியளவு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுதும் இத்தகைய படைகள் ஆண்டுக்குச் சுமார் 3,000 முறை ஏவப்பட்டன என்றும், 2000களில் அது 40,000த்தைத் தாண்டிவிட்டது என்றும் பேராசிரியர் பீட்டர் கிராஸ்கா கணக்கிடுகிறார். 2014இல் அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் 20 காவல்துறைகளின் எண்ணூறுக்கு மேற்பட்ட ஸ்வாட் நடவடிக்கைகளை ஆராய்ந்தது. அதில் 79 விழுக்காடு வீட்டுச் சோதனைகள், பெரும்பாலும் போதைப்பொருளுக்காக. பணயக்கைதி, துப்பாக்கியோடு பதுங்கியவர் போன்ற நெருக்கடிகள் 7 விழுக்காடு.

இந்த 79ஐயும் 7ஐயும் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். தொடரில் வாரா வாரம் வருவது அந்த ஏழு. நிஜத்தில் கதவு உடைபடுவது எழுபத்தொன்பதுக்கு. தொடரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஏழை எடுத்து நூறாகக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த எழுபத்தொன்பதில் மாட்டாவிட்டாலும் கேமராவில் மாட்டிய ஒரு குழந்தையைச் சொல்லாமல் போக முடியாது. 2010 மே மாதம், டெட்ராய்ட் நகரம். ஒரு கொலை வழக்கில் ஒருவரைத் தேடி, நள்ளிரவுக்குப் பிறகு சிறப்புப் படை ஒரு வீட்டுக்குப் போனது. கூடவே, நிஜப் போலீஸ் விசாரணைகளைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் படப்பிடிப்புக் குழுவும் போனது. ஜன்னல் வழியாக ஒளிக்குண்டு வீசினார்கள், உள்ளே நுழைந்தார்கள், ஒரு துப்பாக்கி வெடித்தது. சோபாவில் பாட்டியோடு தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயது அயானா ஸ்டான்லி-ஜோன்ஸ் செத்துப்போனாள். தேடப்பட்டவர் பிடிபட்டது அதே கட்டடத்தின் மாடி வீட்டில். சுட்ட போலீஸ்காரர் ஏற்கெனவே அந்த நகர ஸ்வாட் பற்றிய வேறொரு தொலைக்காட்சித் தொடரில் தோன்றியவர். இரண்டு முறை விசாரணை நடந்தது, இரண்டு முறையும் நடுவர் குழு முடிவுக்கு வரவில்லை. வழக்கு கைவிடப்பட்டது. இதைச் சொன்னபோது பையன்கள் எதுவும் பேசவில்லை. நாங்களும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டோம்.

மறுநாள் புதிய ஹோண்டோவுக்கு வந்தோம்.

2003இல் ஸ்வாட் திரைப்படமாக வந்தது. அதில் ஹோண்டோ சாமுவேல் ஜாக்சன். அங்கேதான் ஹோண்டோ கறுப்பரானார். 2017 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் புதிய தொடர் தொடங்கியது. உருவாக்கியவர்கள் ஆரன் ரஷான் தாமஸ் என்ற கறுப்பின எழுத்தாளரும் ஷான் ரயனும். ரயன் சாதாரண ஆளில்லை. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் ராம்பார்ட் ஊழலைத் தழுவி, கொலையும் கொள்ளையும் செய்யும் போலீஸ் குழுவைப் பற்றி 'தி ஷீல்ட்' என்ற கடுமையான தொடரை 2002இல் எழுதியவர். அதில் அந்தக் குழுவில் ஒருவராக நடித்த கென்னி ஜான்சன், இதில் லூக்கா என்ற நல்ல போலீஸ்காரர். ஒரே நடிகர், ஒரே ஊர், ஒரே காவல்துறை. கட்டணச் சேனலில் கொள்ளைக்காரர், குடும்பத்தோடு பார்க்கும் சேனலில் உத்தமர்.

புதிய தொடரின் முதல் எபிசோடைத் தயவுசெய்து கவனமாகப் பாருங்கள். துரத்தலின்போது வெள்ளையினக் குழுத் தலைவர் பக் சுட்ட குண்டு, ஆயுதமில்லாத ஒரு கறுப்பினச் சிறுவன்மேல் பாய்கிறது. ஊர் கொதிக்கிறது. பக் நீக்கப்படுகிறார். அந்தக் கொதிப்பை அடக்க, வரிசையில் அடுத்து இருந்த டீக்கனைத் தாண்டி, அதே பகுதியில் பிறந்த ஹோண்டோவைத் தலைவராக்குகிறார்கள். இந்தத் தொடரின் டீக்கன் வெள்ளையர். 1975இன் நிறங்கள் அப்படியே இடம் மாறியிருக்கின்றன. தன்னை ஏன் நியமித்தார்கள் என்பது ஹோண்டோவுக்கும் தெரியும். பையன் கேட்ட கேள்விக்குத் தொடரே முதல் நாளே பதில் சொல்லிவிட்டது: நம்மாளை உள்ளே உட்காரவைப்பது, வெளியே இருக்கும் நம் கூட்டத்தைக் கலைக்க.

தொடர் அதை ஒளிக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜார்ஜ் பிளாய்ட் கொலைக்குப் பிறகு 2020 நவம்பரில் வந்த நான்காவது சீசனின் முதல் எபிசோடில், ராட்னி கிங்கை அடித்த போலீசார் விடுதலையானபோது நகரம் எரிந்த 1992ஆம் ஆண்டுக்குப் போகிறது கதை. இளைஞன் ஹோண்டோ தெருவில் நிற்கிறான். அவனுடைய அப்பாவுக்கு மகன் போலீசானது ஆறாத புண். அந்த அப்பா பேசும் காட்சிகள்தான் எங்களுக்குத் தொடரிலேயே பிடித்தவை. பிறகு சொந்தத் துறையின் இனவெறிக் காவலர்களைப் பற்றிப் பத்திரிகையிடம் பேசியதற்காக ஹோண்டோ பதவியிறக்கப்படுகிறார். இவ்வளவு தூரம் எந்தத் தமிழ்ப் போலீஸ் படமாவது போயிருக்கிறதா? ஆனால் சில எபிசோடுகளில் பதவி திரும்பக் கிடைத்துவிடுகிறது. கெட்டவர்கள் சில பேர் அடையாளம் காட்டப்பட்டு வெளியேறுகிறார்கள். அடுத்த வாரம் கவச வண்டி கிளம்புகிறது. அப்பாவும் மகனும் மணிக்கணக்கில் பேசலாம். அந்த வண்டி ஏன் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் தொடர் இல்லை.

சிபிஎஸ் இந்தத் தொடரை 2023இல் நிறுத்துவதாக அறிவித்து மூன்றே நாளில் முடிவை மாற்றியது. 2024இல் இன்னொரு சீசன் கொடுத்தது. கடைசியில் எட்டு சீசன், 163 எபிசோடோடு 2025 மே மாதம் முடித்தது. முடிந்த கையோடு, ஷெமார் மூரே ஹோண்டோவாக வரும் இன்னொரு தொடரைத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்துவிட்டது.

எல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பையன் கேட்டான்: "அப்ப நாங்க போகக் கூடாதா?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராக இல்லை. அரசு வேலை, மாதச் சம்பளம், அம்மா கொத்து வேலைக்குப் போவதை நிறுத்தலாம், ஊரில் ஒருவரும் கை நீட்ட யோசிப்பார்கள். இவை எதுவும் சின்ன விஷயமில்லை. போகாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? எங்கள் சம்பளத்திலா அவன் வீட்டு அடுப்பு எரிகிறது? எங்களுக்குள்ளேயே அன்றிரவு இரண்டு கருத்து இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "போ. ஆனா ஹோண்டோவா போறேன்னு நெனைச்சுப் போகாத. உன் கையில லத்திய குடுத்து எந்தத் தெருவுக்கு அனுப்புறாங்கன்னு பாத்துக்கிட்டே இரு."

"எங்க தெருவுக்கே அனுப்புனா?" என்றான்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் வழக்கம்போல ஓட்டம். நேரம் குறிக்கும் ஸ்டாப்வாட்ச் எங்கள் கையில்தான் இருந்தது. ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அவன் ஆறு நிமிடம் பத்து வினாடியில் வந்து சேர்ந்தான். அவனுடைய அப்பா கரையில் நின்றிருந்தார், மகனின் சட்டையை வலது கையில் பிடித்தபடி.